மதியத்துக்கு மேல் கண் சொருகும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தின் நடுவே இரண்டு நிமிட ஓய்வு கொடுத்தால் பலன் இருக்குமா?

இருக்கும். ஆனால் ஓய்வு என்றால் சும்மா விட்டுவிடுவது என்று எடுத்துக்கொண்டால் இருக்காது. "ரெண்டு நிமிஷம் பேசிக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடம் ஆனாலும் வகுப்பைத் திரும்பப் பிடிக்க முடியாது. பாடம் எந்த வேலையை வாங்கிக்கொண்டிருந்ததோ அதை நிறுத்திவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன வேலையைக் கொடுக்க வேண்டும்.

நான் காரைக்குடிப் பக்கம் கணக்கு எடுக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு. பாதியில் சாக்பீஸை வைத்துவிட்டு இப்படிச் சொல்வேன்: "கண்ணை மூடிக்கோங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பெரிய வீடு ஒண்ணுக்குள்ள போங்க. திண்ணையில செருப்பைக் கழட்டியாச்சு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் வரைக்கும் நடங்க. எத்தனை தூண்? தரையில ஆத்தங்குடிக் கல்லோட நிறம் எங்க மாறுது?"

செட்டிநாடு என்றாலே எல்லாப் பிள்ளைகளும் அரண்மனை மாதிரி வீட்டில் இருப்பதாக வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. என் வகுப்பில் பாதிக்கு மேல் ஓட்டு வீடும் காலனி வீடும்தான். ஆனாலும் பெரிய வீடு எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் போயிருப்பார்கள், இல்லையென்றால் அம்மா வேலைக்குப் போகும் வீடாக இருக்கும். பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகன் கடைசி பெஞ்சில் இருந்தான், கணக்கு வகுப்பில் வாயே திறக்காதவன். அன்றைக்கு அவன்தான் சொன்னான்: "ரெண்டாங்கட்டுக் கதவு தரையில உரசும் மிஸ், கொஞ்சம் தூக்கித்தான் தள்ளணும்." கதவை எப்படித் தூக்க வேண்டும் என்று தோளைச் சாய்த்துக் காட்டினான். தூங்கி வழிந்த வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

இதை வரலாறு எடுப்பவர் அப்படியே செய்தால் அவ்வளவு எடுபடாது. அங்கே ஏற்கெனவே கதையும் காட்சியும்தான் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு எண் விளையாட்டு பொருந்தும்: வரிசையாக எண்ணிக்கொண்டே வர வேண்டும், மூன்றின் மடங்கு வரும்போது சொல்லாமல் கை தட்ட வேண்டும். எனக்கு அது இன்னொரு கணக்காகிவிடும். நகரத்தார் என்கிற செட்டியார்களுக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களின் பெயரை இரண்டு பெஞ்சுகள் மாறி மாறிச் சொல்வதும் நன்றாக இருக்கும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி எல்லாம் மளமளவென்று வரும், சூரக்குடியில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். கோயில் வேண்டாம் என்றால் டவுன் பஸ் நிறுத்தங்கள். பலகாரப் பெயரும் சொல்லச் சொல்லலாம், ஆனால் சாப்பாட்டு மணிக்கு முந்தைய பீரியடில் மட்டும் கந்தரப்பத்தையும் மணகோலத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: 2011-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரிகா, யெராஸ் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே 50 நிமிடம் செய்ய வேண்டிய சலிப்பான வேலை. நடுவில் இரண்டு முறை மட்டும் சற்று வேறு வேலைக்குத் திரும்பியவர்களுக்குக் கவனம் குறையவில்லை, மற்றவர்களுக்குக் குறைந்தது. அது ஆய்வகம், நம் வகுப்பறை அல்ல. பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது என்றால் 2016-இல் வந்த டென்மார்க் ஆய்வு: பொழுது ஏற ஏறத் தேர்வு மதிப்பெண் குறைகிறது, இடைவேளைக்குப் பிறகு எழுதினால் கூடுகிறது. அங்கே இடைவேளை 20 முதல் 30 நிமிடம். அதைக் காட்டி இரண்டு நிமிடமும் அதே வேலையைச் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போது கொடுப்பது? தலை சாய்ந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. 45 நிமிடப் பீரியடில் இருபதாவது நிமிடம் வாக்கில், புது வகைக் கணக்குக்குப் போகும் முன்னால் கொடுக்கிறேன். அவர்கள் கண்ணை மூடியிருக்கும்போதே அடுத்த கணக்கைப் பலகையில் எழுதிவிடுவேன். கண்ணைத் திறந்ததும் அதுதான் எதிரே நிற்கும், "சரி, போதும், அமைதி" என்று கத்த வேண்டியதில்லை. "ஒழுங்கா இருந்தா தர்றேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். அபிநயப் பாட்டும் வேண்டாம், பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூச்சம் பிடுங்கித் தின்னும். கண்ணை மூடப் பிடிக்காதவர்கள் சன்னலைப் பார்க்கட்டும்.

தூக்கம் போதாத பிள்ளைக்கு இது எதுவும் உதவாது. இந்த வயதில் இரவு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும், உடம்பும் தாமதமாகத்தான் தூக்கத்துக்குத் தயாராகும். டியூஷன் முடிந்து, செல்போன் பார்த்து, நள்ளிரவில் படுத்து, காலையில் புதுவயலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவனிடம் தூணை எண்ணச் சொல்லி என்ன பயன்? அவனை அந்த இரண்டு நிமிடமும் டெஸ்க்கில் தலை சாய்க்க விட்டுவிடுவேன். பொதுத்தேர்வு நெருங்கும்போது அப்படிப்பட்டவர்கள் கூடிவிடுவார்கள், அப்போது வீட்டுப்பாடக் கணக்கைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.