பரம எதிரிக் கல்லூரியின் இறந்தவர்களுக்கு ஃபுட்பால் மைதானத்தில் அஞ்சலி செலுத்துவது ஏன்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 'ரைவல்ரி' என்பது இரண்டு கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாக விடாமல் வளர்க்கும் போட்டி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் இது. டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் மோதி வருகின்றன.

அந்த ஆட்டத்துக்கு முன் ஏ அண்ட் எம் மாணவர்கள் மரக்கட்டைகளை மலைபோல் அடுக்கி எரிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. 1999 நவம்பர் 18 விடியற்காலையில், கட்டிக்கொண்டிருந்தபோதே அது சரிந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு நாள் கழித்து ஆட்டம். இடைவேளையில் எதிரணியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு அஞ்சலி இசை வாசித்தது. அப்புறம் அந்தக் குழுவினர் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, சத்தமே இல்லாமல் மைதானத்தைவிட்டு நடந்தார்கள். எனக்கு அந்த நாளில் மறக்க முடியாதது இதுதான். ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது.

காரணம் எளிது. இரண்டும் ஒரே மாநிலம். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று படித்த குடும்பங்கள் உண்டு. வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், முதல் ஆளாகப் போய் நிற்போமே, அது மாதிரி.

ஏ அண்ட் எம்மில் இன்னொரு மரபும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 21 அன்று, அந்த ஆண்டில் மறைந்த முன்னாள் மாணவர்களின் பெயரை வாசிப்பார்கள். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோலத்தான். அவருக்காக நண்பரோ உறவினரோ 'இங்கே' என்று குரல் கொடுத்து மெழுகுவத்தி ஏற்றுவார்.

1999-இல் இறந்த 12 பேருமே மாணவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 11 பேர்தான் மாணவர்கள், ஒருவர் படிப்பை முடித்துவிட்டும் கட்டை அடுக்க வந்திருந்த முன்னாள் மாணவர்.