பூக்காத நாற்றுகளை எறியலாமா?

அன்புள்ள ஐயா,

காலிக்கா என்னும் பழைய வகை ரோஜாவின் மகரந்தத்தை ஒரு குட்டையான நவீன ரோஜாவில் சேர்த்து விதை எடுத்தேன். பழம்பூவின் அடர்ந்த இதழும் மணமும் வேண்டும். செடி முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் மீண்டும் மீண்டும் பூக்க வேண்டும். நாற்றுகள் ஓராண்டாகியும் மொட்டு வைக்கவில்லை. பிடுங்கிவிடலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பிடுங்காதீர்கள். அவை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். பூத்தாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும்.

மறுபூப்பு, அதாவது ஓராண்டில் மீண்டும் மீண்டும் பூப்பது, சீன ரோஜாக்கள் வழியே வந்த ஒடுங்கு பண்பு (மாற்று மரபணு ஒன்று சேர்ந்தாலே மறைந்துவிடும் பண்பு). பூப்பதைத் தடுத்துவைக்கும் ஒரு மரபணு அவற்றில் செயலிழந்திருக்கிறது. காலிக்காவிடமிருந்து வந்த, செயல்படும் மரபணுப் பிரதி அந்தத் தடையை மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. ஆங்கிலேய ரோஜா வளர்ப்பாளர் டேவிட் ஆஸ்டினுக்கும் இதுதான் நேர்ந்தது. ‘பெல் ஐசிஸ்’ என்ற காலிக்காவை ‘டெயின்டி மெய்ட்’ என்ற நவீன ரோஜாவோடு கலந்து 1961-இல் அவர் வெளியிட்ட ‘கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை’ ஆளுயரத்தையும் மீறி வளரும். பூப்பதோ ஒரே பருவம். அவர் அந்தக் கலப்பு வழியைக் கைவிடாமல் மறுபடி பூக்கும் ரோஜாக்களோடு மீண்டும் கலந்தார். மறுபூப்புள்ள வகைகள் 1969-இல் வந்தன. பெரும்புகழ் 1983-இல் ‘கிரஹாம் தாமஸ்’ வந்த பிறகுதான்.

உங்கள் செடிகளை ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். பெற்றோர் இரண்டும் நான்மடிக் குரோமோசோம் கொண்டவை (ஒவ்வொரு குரோமோசோமிலும் நான்கு பிரதிகள் உள்ளவை) என்றால், அப்படிக் கலப்பதில் 36 நாற்றுகளுக்கு ஒன்றுதான் மறுபடி பூக்கும். குட்டைத் தாய்ச்செடியோடு பிற்கலப்பு செய்தால், அதாவது நாற்றைத் தாயோடு மீண்டும் கலந்தால், ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று கிடைக்கும். குறைந்த இடத்தில் செய்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதழ் மிக அடர்ந்த பூவை மகரந்தத்துக்காகத் தேடாதீர்கள். மகரந்தத் தாள்கள்தாம் இதழ்களாக மாறியிருக்கின்றன. அங்கே மகரந்தம் சொற்பமே இருக்கும். ‘டெயின்டி மெய்ட்’ ஒற்றையடுக்குப் பூ என்பதை நினைவில் வையுங்கள். மணத்துக்கு உறுதி சொல்ல முடியாது. மணமுள்ள இரண்டுக்கும் மணமற்ற பிள்ளை பிறப்பது ரோஜாவில் சாதாரணம்.

குட்டையாக்குவதில் உயரத்தைவிட அளவுப் பொருத்தமே எனக்குப் பெரிய கவலை. உயரமான புதரில் கனத்த பூ தலைகவிழ்ந்தால் அழகு; கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். முழங்கால் உயரச் செடியில் அதே பூ கவிழ்ந்தால் நமக்குத் தெரிவது அதன் முதுகுதான். கணுவிடை (தண்டில் இரண்டு கணுக்களுக்கு இடையிலான நீளம்) குறையும்போது பூவின் விட்டமும் குறைய வேண்டும், காம்பு விறைப்பாக இருக்க வேண்டும். கிண்ணம் போன்ற பெரிய பூவைக் குச்சிச் செடியில் ஒட்டவைத்ததுபோல் விற்பனைக்கு வரும் சில வகைகளை நான் வாங்குவதில்லை.

பிற்கலப்பு நாற்றுகளில் மறுபூப்புள்ளவை முளைத்த சில மாதங்களிலேயே மொட்டு வைத்துத் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பூவில் இதழ் குறைவாக இருப்பது வழக்கம். அதைப் பார்த்துக் கழிக்காதீர்கள். மொட்டே வைக்காதவற்றை அப்போது தாராளமாகப் பிடுங்கலாம்.