போன தடவை கேட்ட மாத்திரை இப்போது ஏன் கேட்கவில்லை?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 48, சர்க்கரை உண்டு. ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. முன்பு கேட்ட சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையே மெடிக்கலில் வாங்கி மூன்று நாள் போட்டும் எரிச்சல் அடங்கவில்லை. இதைவிடப் பவரான மாத்திரை எது என்று கேட்கிறார்.

பவர் கணக்கை விட்டுவிடுங்கள், அம்மா. உங்கள் கிருமிக்கு எது கேட்கும் என்பதுதான் கேள்வி. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது நம் குடலிலேயே வாழ்வது. பல்வலிக்கோ சளிக்கோ போட்ட ஆன்டிபயாடிக்கூட குடலுக்கும் போகிறது. அங்கே சாகிறவை செத்துவிடும், தாங்குகிறவை பெருகும். அடுத்த முறை மூத்திரப்பைக்கு ஏறுவது அந்தத் தாங்கிய கூட்டமாக இருக்கலாம். சில ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரந்து செஃபிக்சைம் போன்ற மருந்துகளை உடைத்தே போடும். அந்தத் திறமையைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். எனக்குப் பெரிய கவலையே இதுதான்.

அதனால் முதல் வேலை யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை. லேபில் தரும் சுத்தமான டப்பாவில், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடியுங்கள். வீட்டில் பிடித்து, மதுரை வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் பொய் சொல்லும். லேபிலேயே கொடுப்பது நல்லது. மாத்திரை போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதில் 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது.

சிப்ரோவுக்கு 'ஆர்' வந்தால் பயப்பட வேண்டாம். 1950களிலிருந்து புழங்கும் நைட்ரோஃபுரான்டாயினும், தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் ஈஎஸ்பிஎல் கிருமிக்குக்கூடப் பல நேரம் கேட்கின்றன. ஆனால் இவை மூத்திரப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தான். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்த்த பிறகே டாக்டர் முடிவு செய்வார். குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி வந்தால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், எரிச்சல் நின்றபின் 'கிருமி போச்சா' என்று மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவே இல்லாதபோது சிறுநீரில் கிருமி தெரிந்தாலும், கர்ப்பிணிகள் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் சிப்ரோவை அடுத்த தடவைக்கென்று எடுத்து வைக்காதீர்கள்.