மருந்தைப் படிப்பதும் மருந்தாளராவதும்

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் முதல் தடவை தோற்றி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தாள். ஆனால் மருந்தகவியலுக்கு இசட் புள்ளி போதவில்லை. இங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் மருந்தாக்க விஞ்ஞானத்தில் நான்கு வருடப் பட்டம் முடித்தால் அமெரிக்காவில் நேரே மருந்தாளர் கல்லூரியில் சேரலாம் என்று காலி வீதியிலுள்ள ஒரு முகவர் சொல்கிறார். நியூ ஜேர்சியில் இருக்கும் என் தம்பி அங்குள்ள பீகெட் நுழைவுப் பரீட்சைக்கான புத்தகங்களைக்கூட அனுப்பிவிட்டான். பாடசாலை ஆசிரியரோ மறுமுறை தோற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு முயற்சிக்கலாம் என்கிறார். பெண்பிள்ளையை யாழ்ப்பாணம்வரை அவ்வளவு தூரம் தனியே அனுப்ப எனக்கு மனமில்லை. எது சரி?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: சகோதரி, முகவர் சொன்னது பொய்யல்ல, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மருந்தாக்க விஞ்ஞானம் மருந்து என்ற பொருளைப் பற்றிய படிப்பு. ஒரு மருந்து எப்படி உருவாக்கப்படுகிறது, உடலுக்குள் எப்படிச் சேர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வழியில் வெளியேறுகிறது என்பவற்றை அது கற்பிக்கும். மருந்தாளர் என்பதோ ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தனித்தனியே வழங்கும் உரிமை. அந்த உரிமைக்கு அமெரிக்காவில் ஃபார்ம் டி எனும் மருந்தகவியல் கலாநிதிப் பட்டமும், பிரித்தானியாவில் எம்.ஃபார்ம் எனும் மருந்தகவியல் முதுமாணிப் பட்டமும் அதன்பின் ஒரு வருடப் பயிற்சியும் பதிவுப் பரீட்சையும் வேண்டும். இங்கே இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றாக வேண்டும். மருந்தாக்க விஞ்ஞானப் பட்டம் மட்டும் இவற்றில் எதற்கும் ஈடாகாது. ஆகவே மகள் எந்த நாட்டில் மருந்தாளராக வேலை செய்ய விரும்புகிறாள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான விடை இல்லை.

அமெரிக்காதான் என்றால், அங்குள்ள பல மருந்தாளர் கல்லூரிகள் முழுப் பட்டத்தைக் கேட்பதில்லை. பொது இரசாயனம், சேதன இரசாயனம், உயிரியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், நுண்கணிதம், புள்ளிவிபரவியல், ஆங்கில எழுத்து போன்ற முன்தேவைப் பாடங்களைப் பல்கலைக்கழக மட்டத்தில் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் படித்திருந்தால் போதும்; அதன்மேல் நான்கு வருடங்கள் ஃபார்ம் டி. உங்கள் தம்பி வாழும் நியூ ஜேர்சியிலேயே ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பாடசாலை முடித்தவர்களை ஆறு வருடத் திட்டத்தில் நேரடியாகச் சேர்க்கிறது. முகவர் காட்டும் வழியில் போனால் அதே இடத்துக்கு எட்டு வருடங்கள் ஆகும். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகம், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகம் போன்றவை மருந்தாக்க விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டம் தருவது உண்மையே. அங்கே படிப்பவருக்கு முன்தேவைப் பாடங்களை அந்தப் பட்டத்துக்குள்ளேயே முடித்துக்கொள்வது எளிது. கொழும்பில் பெறும் பட்டத்தை ஒவ்வொரு பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சில கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்றே வற்புறுத்தும். அப்படியானால் நான்கு வருடம் படித்த பின்னும் சேதன இரசாயனத்தை மீண்டும் காசு கட்டிப் படிக்க நேரும். மகள் விரும்பும் மூன்று கல்லூரிகளின் பாடப் பட்டியலை எடுத்து, தனியார் நிறுவனத்தின் பாடத்திட்டத்தோடு ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். முகவர் அதைச் செய்து தரமாட்டார்.

தம்பி அனுப்பிய புத்தகங்களை இரசாயனப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பீகெட் பரீட்சை 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கென்று யாராவது வகுப்பு நடத்தினால் பணம் கட்ட வேண்டாம்.

இங்கே பி.ஃபார்ம் எனும் மருந்தகவியல் இளமாணிப் பட்டத்தை முடித்துவிட்டு, பின்னர் அமெரிக்காவில் மருந்தாளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று உறவினர் யாரேனும் சொல்லக்கூடும். வெளிநாட்டு மருந்தாளர்களை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு, 2003 ஜனவரி 1ஆம் திகதி முதல் பட்டம் பெற்றவர்களிடம் ஐந்து வருட மருந்தகவியல் படிப்பை எதிர்பார்க்கிறது. நமது பி.ஃபார்ம் நான்கு வருடப் பட்டம். இந்த ஒரு வருட வித்தியாசத்தைப் பட்டம் பெற்ற பிறகு அறிந்து திகைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்காக மருந்தாக்க விஞ்ஞானத்தைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். மருந்தாளர் கல்லூரியில் சேரப்போகும் ஒருவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் அரிது. நெஞ்சுவலிக்காரர் ஏன் கிளிசரைல் டிரைநைட்ரேட் குளிசையை விழுங்காமல் நாக்கின் கீழ் வைக்கிறார்? விழுங்கினால் அது குடலிலிருந்து முதலில் ஈரலுக்குப் போய், இரத்தத்தில் பரவுமுன்பே பெரும்பகுதி சிதைந்துவிடும். நாக்கின் கீழுள்ள இரத்தக் குழாய்கள் ஈரலைத் தொடாத பாதையில் அதைக் கொண்டுசெல்கின்றன. நீரிழிவுக்குத் தரும், மெதுவாகக் கரையும்படி செய்த மெட்ஃபோமின் குளிசையை ஏன் பொடியாக்கக் கூடாது, வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினின் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அது ஏன் பெருமளவு உயர்ந்துவிடக்கூடும் என்ற கேள்விகளுக்கும் இந்தப் படிப்பு காரணத்தோடு விடை சொல்லும். ஃபார்ம் டியின் ஆரம்ப வருடங்களில் பலரைத் திணறடிப்பவை மருந்து இரசாயனமும், மருந்து உடலுக்குள் சேர்ந்து, தங்கி, வெளியேறும் விதத்தை ஆராயும் மருந்தசைவியலும். அவற்றை ஒருமுறை படித்துவிட்டு வருபவருக்கு நோயாளியைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஆயினும் நோயாளியோடு பேசுவதையும், வைத்தியரின் மருந்துச் சீட்டிலுள்ள தவறைக் கண்டு தொலைபேசியில் பணிவாகச் சுட்டிக்காட்டுவதையும் அந்தப் பட்டம் கற்றுத்தராது. ஆகவே மகளிடம் இதை வெளிப்படையாகவே கேளுங்கள்: மருந்தாளர் கல்லூரியில் இடம் கிடைக்காமலே போனால், ஆய்வுகூடத்தில் குளிசையின் தரத்தைச் சோதிக்கும் வேலையில் அவள் நிறைவு காண்பாளா? ஆம் என்றால் அந்தப் பட்டத்தைத் தாராளமாகப் படிக்கட்டும். இரத்மலானையிலுள்ள அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் போன்ற உற்பத்தி நிறுவனங்களுக்கும், மருந்துகளைப் பதிவு செய்யும் பணிகளுக்கும் இத்துறை அறிந்தவர்கள் தேவை. இல்லை, மக்களுக்கு நேரே மருந்து கொடுப்பதுதான் ஆசை என்றால், அந்தப் பட்டம் அவளுக்குச் சுற்றுவழி.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அமெரிக்க மத்திய அரசின் மாணவர் கடன் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தம்பியோடு பேசுங்கள்.

என் அபிப்பிராயம் ஆசிரியரின் பக்கம். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். மகள் ஒரு தடவைதான் தோற்றியிருக்கிறாள். கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடினம் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுண என்று மருந்தகவியல் கற்பிக்கும் அரச பல்கலைக்கழகங்கள் பல உண்டு, கட்டணமும் இல்லை. யாழ்ப்பாணம் தூரம் என்று தயங்கும் நீங்கள் நியூ ஜேர்சிக்கு அனுப்பத் தயாராக இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தம்பி அங்கே இருக்கிறார் என்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதி இருக்கிறது, இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலையில் கொழும்பில் இறங்கலாம். இரண்டாம் தடவையும் புள்ளி போதாவிட்டால் தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் படிப்பது பற்றியும், அங்கு ஆறு வருடங்கள் எடுக்கும் ஃபார்ம் டி பற்றியும் யோசிக்கலாம். எந்த வெளிநாட்டுப் பட்டமாக இருந்தாலும், முற்பணம் கட்டுவதற்கு முன் நொறிஸ் கெனல் வீதியிலுள்ள இலங்கை மருத்துவ சபைக்கு எழுதி, அந்த நிறுவனத்தின் அந்தப் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்பார்களா என்று எழுத்திலேயே பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பரீட்சை வரைக்கும் வாரத்தில் ஒரு மாலையாவது, பதிவு பெற்ற மருந்தாளர் முழுநேரமும் நிற்கும் ஒரு மருந்தகத்தில் மகள் உதவிக்கு நிற்க அனுமதி கேட்டுப் பாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி, ஒரே குளிசையைப் பற்றி ஒரே கேள்விக்குப் பத்துப் பேருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வது அவளுக்குப் பிடிக்கிறதா என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும்.