படப்பெட்டிக்கும் ஆள் வேண்டும்

பிளஸ் டூ முடித்த மகள் சினிமாதான் படிப்பேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். தாய்மாமாவோ, ‘ஆசைப்படுகிறாளே, தனியார் இன்ஸ்டிட்யூட்டில் டைரக்‌ஷன் சேர்த்துவிடுங்கள், பாதிப் பணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்கிறேன்’ என்கிறார். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் விண்ணப்பத் தேதி போய்விடும். இரண்டுமே வேண்டாம், அம்மா.

என்ஜினீயரிங்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அவளுக்கே அதில் மனம் இல்லை. ஆபத்து மாமாவின் யோசனையில்தான் இருக்கிறது, ஏனென்றால் அது பாசமாகத் தெரிகிறது. எந்தத் தயாரிப்பாளரும் டைரக்‌ஷன் டிப்ளமோவைப் பார்த்துப் படம் கொடுப்பதில்லை. உதவி இயக்குநராகச் சேர்ந்தால் முதல் சில வருடங்கள் பேட்டாதான். அது வங்கித் தவணைக்கு வராது.

அதைவிட, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களை வருடவாரியாக அடுக்கி, டைட்டில் கார்டில் வரும் பெயர்களை நோட்டில் எழுதி வைக்கிறாள். படம் எடுக்கத் துடிக்கிறவர்கள் இதைச் செய்வதில்லை. இது திரைப்படக் காப்பகத்துக்குப் போக வேண்டிய கை.

பழைய படங்களைச் சேர்த்துப் பாதுகாக்கும் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் புனேயில் தொடங்கப்பட்டது. 2022இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. அங்கே பழைய படத்தைத் திரையில் பார்க்க விரும்பும் ரசிகரும் வருவார், ஒரு நிமிடப் பழைய காட்சி தேவைப்படும் ஆவணப்பட இயக்குநரும் வருவார், வகுப்பில் சினிமா சொல்லித்தரும் ஆசிரியரும் வருவார். புனே திரைப்படக் கல்லூரியான எஃப்டிஐஐயோடு சேர்ந்து நடத்தும் திரைப்பட ரசனைப் பயிற்சியும் உண்டு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, உரிமை யாருடையது என்று ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் இவர்களில் யாருக்கும் பதில் சொல்ல முடியும். எழுதி வைக்கவும் ஆளின்றிப் போனவை ஏராளம். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ஸின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. அதை மேசையில் கையால் சுற்றி, ஓரத்துப் பல்துளைகளில் கிழிந்தவற்றையும் விட்டுப்போன ஒட்டுகளையும் விரல் நுனியால் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தில் அச்சான குறிகளைக் கொண்டு ஃபிலிம் தயாரான வருடத்தை ஊகிக்கலாம். 1950கள் வரை புழங்கிய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது, அதனால் அதற்குத் தனிக் கிடங்கு. பின்னால் வந்த அசிடேட் ஃபிலிமில் வெப்பமும் ஈரமும் ஏறினால் அசிட்டிக் அமிலம் கசியும்; பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைக்க வேண்டும். ஃபிலிம் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் புரொஜெக்டரில் ஏற்றுவது ஆபத்து. பழைய கலர் பிரதிகள் சிவந்துபோவதும் சாயத்தின் ரசாயனம்தான். அவள் பிளஸ் டூவில் படித்த வேதியியல் இங்கே வீணாகாது.

பிறகு ஸ்கேனிங், அதாவது ஃபிலிமை ஃபிரேம் ஃபிரேமாகக் கணினிக்கு ஏற்றுவது. 4கே அளவில் ஒரு ஃபிரேம் சுமார் 50 எம்பி. முழுப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம், கிட்டத்தட்ட 11 டெராபைட். அதைத் தூசி நீக்கி, நிறம் சரிசெய்து, டேப்பில் இரண்டு பிரதி எடுத்து வெவ்வேறு ஊரில் வைக்க வேண்டும். உரிமை விசாரணை தனி வேலை: இந்தியாவில் திரைப்படப் பதிப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடம் முதல் 60 ஆண்டுகள். 1960இல் வந்த படத்துக்கு 2020 முடிவோடு தீர்ந்தது.

வழி இரண்டு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அதன்மேல் ஒரு வருட நூலக அறிவியல் பட்டம். இரண்டாவதை இக்னோவில் தபாலிலும் முடிக்கலாம். அல்லது தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் டிஜிட்டல் இன்டர்மீடியட் பட்டம்; படத்தைக் கணினியில் ஏற்றி நிறம் சரிசெய்யும் படிப்பு அது. எல்லோரும் ஒளிப்பதிவுக்கும் டைரக்‌ஷனுக்கும் முண்டியடிக்கும் அதே வளாகம்தான். எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதைப் பிரிவுவாரியாக விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள். படிக்கும்போதே, பழைய படங்களைக் காக்கும் அமைப்பான ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் நடத்தும் பாதுகாப்புப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்கட்டும். 2017இல் அது சென்னையிலேயே நடந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர அரசுப் பணியிடங்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் ஒப்பந்தம்தான். சம்பளம் ஐடி அளவுக்கு வராது, ஊர் மாற வேண்டியிருக்கும். அதனால்தான் கடன் கூடவே கூடாது என்கிறேன். நூலகப் பட்டம் கையில் இருந்தால் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், டிவி நிறுவனங்களின் காட்சிக் களஞ்சியம் என்று திரும்ப இடம் உண்டு. வெளிநாட்டு முதுகலையைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். மூன்று வருடம் வேலை பார்த்தபின், உதவித்தொகை கிடைத்தால் மட்டும்.

இந்த விடுமுறையில் அவளைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே சினிமாப் பாட்டுப் புத்தகங்களே பெரிய தொகுப்பாக இருக்கின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போடட்டும். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது என்றால் எனக்கு எழுதுங்கள், வேறு பார்ப்போம். அதுவரை மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் சரி, மாமா சொல்லும் இன்ஸ்டிட்யூட்டுக்கும் சரி, அட்வான்ஸ் கட்டாதீர்கள்.