முதல் பாகம் பெரும் வெற்றி; இரண்டாம் பாகத்தில் ஏன் நஷ்டம்?

ஓடிய படத்தின் கதையையும் பாத்திரங்களையும் வைத்து எடுக்கும் அடுத்த பாகம்தான் சீக்குவல். பெயர் தெரிந்த படம், கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கையில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பணத்தைக் கொட்டுகின்றன. ஆபத்தும் அங்கேதான். நடிகர், இயக்குநர் சம்பளம் ஏறுகிறது. முந்தையதைவிடப் பிரம்மாண்டமாகக் காட்ட வேண்டிய கட்டாயமும் சேர்கிறது. செலவு நிச்சயம், வரவு நிச்சயமில்லை.

2019-இல் வந்த 'ஜோக்கர்' 10 கோடி டாலருக்கும் குறைவான செலவில் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தின் செலவு சுமார் 20 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. உலக வசூலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தள்ளுவண்டியில் நன்றாக விற்ற இட்லியை நம்பி, கடன் வாங்கி ஏசி ஓட்டல் திறப்பது போன்றது இது. ருசி அப்படியே இருந்தாலும், வாடகைக்கும் வட்டிக்குமே பல மடங்கு கூட்டம் வந்தாக வேண்டும். ஜோக்கரில் ருசியையும் மாற்றிவிட்டார்கள்: இரண்டாம் பாகம் பாட்டுகள் நிறைந்த இசைப்படம்.

"20 கோடி போட்டு 20 கோடி வந்துவிட்டதே, கையைக் கடிக்கவில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். டிக்கெட் வசூலில் ஏறத்தாழ பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும். விளம்பரச் செலவோ தயாரிப்புச் செலவில் சேராத தனிக் கணக்கு.