லினக்ஸ் போட்டால் வைரஸே வராதா? பென்டிரைவ் புழங்கும் கடைக்கு எந்த ஓஎஸ் நல்லது?

கேள்வி: மன்னார்குடியில் ஜெராக்ஸ், டைப்பிங், ஃபிளெக்ஸ் டிசைன் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் விண்டோஸ் 10. காலேஜ் பிள்ளைகள் கொண்டுவரும் பென்டிரைவிலிருந்து ஷார்ட்கட் வைரஸ் திரும்பத் திரும்ப வருகிறது. லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாறினால் வைரஸ், ஹேக்கிங் தொல்லை ஒழியுமா?

பதில்:

பென்டிரைவ் தொல்லை லினக்ஸில் ஏறக்குறைய ஒழிந்துவிடும். ஹேக்கிங் தொல்லை ஒழியாது. இரண்டும் வேறு வேறு வழியாக உள்ளே வருகின்றன. எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் ஓஎஸ்ஸை (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை) மட்டும் மாற்றினால் காசும் நேரமும்தான் போகும்.

முதலில் ஷார்ட்கட் வைரஸ். அது உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டர்களுக்கு ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு குறிகளையும் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கிறது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஸ்கிரிப்ட் ஓடும், அடுத்த நொடியே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபைல் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதற்குள் ஸ்கிரிப்ட் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தன்னை நகல் எடுத்து, ஸ்டார்ட்அப்பிலும் பதிந்துகொள்ளும். அதன்பின் செருகுகிற ஒவ்வொரு பென்டிரைவும் அவுட். பென்டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து பயனில்லாமல் போவது இதனால்தான். முதலில் சுத்தம் செய்ய வேண்டியது கம்ப்யூட்டரை.

அதே பென்டிரைவை லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) போட்ட மெஷினில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் போட்ட ஹிடன் குறியை லினக்ஸ் சட்டை செய்வதில்லை. ஒளிந்திருந்த ஃபோல்டர்கள், பெயரில்லாத ஃபோல்டர் உட்பட, அப்படியே கண்ணுக்குத் தெரியும். ஷார்ட்கட்டும் விபிஎஸ், எக்ஸ்இ என்று முடியும் புரோகிராம் ஃபைல்களும் விண்டோஸுக்கு எழுதப்பட்டவை, அங்கே ஓடாது. அவற்றை டெலிட் செய்துவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் போட்டால் முடிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற சாஃப்ட்வேரை அந்த மெஷினில் போட்டு வைக்காதீர்கள். விண்டோஸ் புரோகிராம் ஓட வழி செய்தால் விண்டோஸ் வைரஸும் ஓட வழி கிடைக்கும்.

விண்டோஸ் ஏன் இவ்வளவு அடி வாங்குகிறது? மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ், அதனால் வைரஸ் எழுதுகிறவனும் அதற்கே எழுதுகிறான் என்பது பாதிக் காரணம். மீதி பழைய பழக்கம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மின் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தோம். கல்லணை ஷட்டரும் வயல் மடையும் ஒரே ஆள் கையில் இருந்தது போல, கிளிக் செய்த எந்தப் புரோகிராமும் மொத்த சிஸ்டத்தையும் திறந்துவிட முடிந்தது. 2007-இல் விஸ்டா வந்தபோதுதான் "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்கும் யுஏசி பெட்டி வந்தது. ஆனால் இன்றும் விண்டோஸில் முதலில் உருவாக்கும் கணக்கு அட்மின்தான், நாமும் படிக்காமலே எஸ் கொடுத்துவிடுகிறோம். போதாததற்கு ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்துக் காட்டும். பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ என்ற ஃபைல், பிடிஎஃப் போலவே தெரியும்.

நியாயமாகச் சொன்னால் இன்றைய விண்டோஸ் 11 அந்தப் பழைய விண்டோஸ் இல்லை. கூடவே வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸ் ஒரு கடைக்குத் தாராளமாகப் போதும். காசு கொடுத்து வேறு ஆன்டிவைரஸ் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சிக்கல் அப்டேட் இல்லாத விண்டோஸில்தான். 2017 மே 12-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் கொடுத்துவிட்டது. மாட்டியவை பெரும்பாலும் அதைப் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. ஒரு மெஷினில் நுழைந்தால் நெட்வொர்க்கில் இருக்கும் மற்றவற்றுக்குத் தானே தாவியது.

உங்கள் மூன்று மெஷினுக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர் கணினிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். அதற்குக் கீழே உள்ள மெஷின்தான் லினக்ஸுக்குப் போக வேண்டியது.

இனி லினக்ஸின் மறுபக்கம். அதன் பெரிய பலம், சாஃப்ட்வேரைக் கண்ட தளத்திலும் தேடி எடுக்காமல் கையொப்பமிட்ட ஒரே களஞ்சியத்திலிருந்து எடுப்பது. ஆனால் அந்தக் களஞ்சியத்துக்கே விஷம் வரப் பார்த்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் திருட்டு வழி ஒன்று வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக வேலை செய்து பராமரிப்பாளர் பொறுப்புக்கு வந்தவர். கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். வேறொரு கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாக நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டப்போய்ச் சிக்கியது. சோதனைப் பதிப்புகளைத் தாண்டுவதற்குள் பிடிபட்டதால் தப்பித்தோம். இன்னொன்றும் உண்டு. ரூட் (லினக்ஸின் அட்மின்) பாஸ்வேர்டு இல்லாமல் சிஸ்டத்தைத் தொட முடியாது என்பது உண்மைதான், ஆனால் உங்கள் கணக்கில் ஓடும் கெட்ட புரோகிராமுக்கு உங்கள் ஃபைல்களைப் பூட்ட ரூட் தேவையே இல்லை. கடைக்காரருக்கு முக்கியம் சிஸ்டமா, கஸ்டமர் ஃபைலா?

மேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டுகள் நல்லவை. 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற வைரஸ் 6 லட்சத்துக்கு மேற்பட்ட மேக்குகளைப் பிடித்தது, ஜாவா ஓட்டைக்கு ஆப்பிள் தாமதமாக அப்டேட் கொடுத்ததால். இப்போது பாஸ்வேர்டு திருடும் புரோகிராம்கள் மேக்குக்கும் வருகின்றன. ஜெராக்ஸ் கடைக்கு அந்தக் காசு வீண்.

உங்கள் கடைக்கு என் யோசனை இது. பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டு, வெளி பென்டிரைவ் அங்கே மட்டும்தான் என்று ஆக்கிவிடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும். அங்கே பார்த்துப் பிடிஎஃப், ஜேபெக், டாக்எக்ஸ் ஃபைல்களை மட்டும் ஷேர் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, பிரிண்டை விண்டோஸிலிருந்து கொடுங்கள். லினக்ஸிலிருந்தே பிரிண்ட் எடுக்க ஆசைப்படாதீர்கள். நம் ஊர்க் கடைகளில் பாதி வைத்திருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டருக்கு லினக்ஸில் டிரைவர் போடுவதற்குள் உயிர் போய்விடும். ஹெச்பி 1020 பரவாயில்லை, தனியாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அது வைரஸ் இல்லை, ஃபான்ட் போட்டால் சரியாகிவிடும்.

விண்டோஸ் மெஷின்களில் அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டு போட்டு உங்களிடம் வைத்துக்கொண்டு, வேலை செய்கிற பையனுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். பென்டிரைவைச் செருகியதும் தானே திறக்கப் பார்க்கும் ஆட்டோபிளேயை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி டிக் செய்யுங்கள். இப்போது உள்ள வைரஸை எடுக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் போல ஆகும். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் இதையோ பெரிய அப்டேட்டையோ ஆரம்பிக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் அது வேறு தலைவலி.

டிசைன் மெஷினில் இருக்கும் கோரல்டிரா ஒரிஜினலா? இல்லையென்றால் பென்டிரைவைவிடப் பெரிய ஆபத்து அங்கேதான். காசு கொடுக்காமல் சாஃப்ட்வேரைத் திறக்கும் கிராக் போடும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்" என்றுதான் இருக்கும், நாமும் செய்கிறோம். ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் பரவியதே பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் வழியாகத்தான். ஃபைல் பெயருக்குப் பின்னால் புரியாத நான்கெழுத்தைச் சேர்த்துப் பூட்டிவிடும். எந்த ஓஎஸ்ஸும் உங்கள் கையாலேயே கொடுத்த அனுமதியைத் தடுக்காது. வாரம் ஒருமுறை டிசைன் ஃபைல்களை வெளி ஹார்டுடிஸ்க்கில் எடுத்து, உடனே பிடுங்கி வையுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும்.

போனுக்கும் இதே கணக்குதான். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனி அறையில் பூட்டித்தான் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான்" என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வரும் ஏபிகேவை (ஆப் இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இறக்கி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால் ஓடிபி நேரே திருடனுக்குப் போகும். பயிர்க் காப்பீடு பதிய வரும் விவசாயிகள் போனை நீட்டி "இதைப் போட்டுக் கொடு தம்பி" என்பார்கள். பிளே ஸ்டோரில் இல்லாத எதையும் போட்டுக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் கடை சிசிடிவி டிவிஆரும் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி) பெரும்பாலும் லினக்ஸ்தான். 2016-இல் மிராய் என்ற வைரஸ் அப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது, கம்பெனியில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். ரௌட்டர், டிவிஆர் இரண்டிலும் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள், ரௌட்டரில் ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரௌட்டரை மாற்ற விடும் வசதி) ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.